நாலாவது பத்திக்கு என் பதில்

கதிர்,

'கண்ணு' என்று எழுதத்தான் கை போனது. நிறுத்திவிட்டேன். முப்பத்து நாலு வருஷமாக உன்னை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன். இந்த ஒரு கடிதத்தில் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். போனில் பேசிக்கொள்ளலாம் என்கிறாய். போனில் என்றால் நீ பேசுவாய், நான் கேட்பேன், கடைசியில் நானே மன்னிப்பும் கேட்டுவிட்டு வைப்பேன். இத்தனை வருஷமாக நம் பேச்செல்லாம் அப்படித்தான் முடிந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன். இதை நீ மட்டும் படிக்கப்போவதில்லை. வேறு யார் படிப்பார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், பொறுமையாக வா.

போன மாதம் உன் வக்கீல் ஆபீஸிலிருந்து எனக்கென்று ஒரு நகல் தபாலில் வந்தது. அனுப்ப வேண்டாம் என்று அவர்களிடம் சொல்ல மறந்துவிட்டாய் போலிருக்கிறது. நான் கையெழுத்துப் போட்ட பிரமாணப் பத்திரம். கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாள்கூட ஆகாத நேரத்தில், காரில் வந்து இறங்கி, காபிகூடக் குடிக்காமல், "நானே படிச்சுக் காட்டறேன்மா" என்று நீ படித்துக் காட்டினாயே, அதுதான். இத்தனை வருஷம் நூலகராக இருந்தேன், இந்த வருஷம் இந்த அறிக்கை கல்லூரிக்கு வந்தது, அவ்வளவுதான் என்றாய். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு நகலைப் படித்தேன். மூன்றாவது பத்தி வரைக்கும் நீ படித்தபடியே இருக்கிறது. நாலாவது பத்தியை நீ படிக்கவே இல்லை.

வெளியாளுக்கும் புரியட்டும் என்று வழக்கை நானே சொல்லிவிடுகிறேன், தப்பிருந்தால் உன் வக்கீல் திருத்தட்டும். நீ பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம், சிப்புக்குள் வைக்கிற மின்தேக்கி ஒன்றுக்கு உன்னைக் கண்டுபிடிப்பாளராகப் போட்டு உன் கம்பெனி காப்புரிமை கேட்டது. மின்தேக்கி என்பது மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கிற பொருள். இரண்டு சீப்புகளை எதிரெதிரே வைத்து, ஒன்றின் பல்லுக்கு நடுவே மற்றதன் பல்லைத் தொடாமல் நுழைத்தால் எப்படியோ, அப்படி உலோகக் கோடுகள். அதன் மேல் அதேபோல் இன்னொரு ஜோடி, ஆனால் குறுக்குவாட்டில். அந்தக் குறுக்கு அடுக்குதான் புதிது என்றாய். காப்புரிமை கிடைத்தது. நானும் நம் மலையூர் மஞ்சக்குட்டை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு போட்டிக் கம்பெனி ஒன்று எதிர்ப்பு மனு போட்டது. இதில் புதிது ஒன்றுமில்லை, நீங்கள் விண்ணப்பிப்பதற்கு ஒரு வருஷம் முன்பே சேலம் அடிவாரத்துக் கல்லூரி நூலகத்தில் இருக்கும் எம்.இ. ஆய்வறிக்கை ஒன்றில் இது அப்படியே இருக்கிறது என்றார்கள். காப்புரிமை ரத்தானது. நீங்கள் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போயிருக்கிறீர்கள். அந்தக் கல்லூரி நான் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்த கல்லூரி. அறிக்கையை எழுதியவள் மாரமங்கலத்துப் பழனியம்மா. மழையில் மலை மேலே போகிற பஸ் நின்றுபோனால் நம் வீட்டில் தங்கிச் சாப்பிட்டுப் போவாளே, அவள்தான்.

உன் தரப்புக்கு இரண்டு வாதங்கள். ஒன்று, அந்த அறிக்கை அப்போது வெளியார் யாரும் பார்க்கும்படி இல்லை, ஆகவே அது கணக்கில் வராது. இரண்டு, பார்த்திருந்தாலும் அதில் குறுக்கு அடுக்கு இல்லை. நாலாவது படத்தில் இருக்கிற புள்ளிக்கோடுகள் மேல் அடுக்கைக் காட்டவில்லை, கோடுகளை வேறு மாதிரியும் போடலாம் என்று மாற்று வழியைத்தான் காட்டுகின்றன. முதல் வாதத்துக்குத்தான் என் கையெழுத்து. நாலாவது பத்தி சொல்கிறது: அறிக்கை துறைத் தலைவர் அறையில் பூட்டிய அலமாரியில் கிடந்தது, மாணவர் எவருக்கும் தரப்படவில்லை, அதன் மேல் இருக்கிற நூலக முத்திரை, பின்னாளில் ஆய்வுக்குழு வந்தபோது பழைய தேதி போட்டுக் குத்தப்பட்டது.

படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன், கதிர். பொய் என்பதால் மட்டும் அல்ல. அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நான்தான் உனக்குக் கொடுத்தேன்.

நீ வேலைக்குப் போய் இரண்டாம் வருஷம் கல்லூரியைச் சோதித்துத் தரம் சொல்கிற ஆய்வுக்குழு வந்தது. துறைத் தலைவர்கள் வருஷக்கணக்காக அறிக்கைகளை நூலகத்துக்கு அனுப்பாமல் தங்கள் அலமாரியிலேயே போட்டு வைத்திருந்தார்கள். குழு வருவதற்கு மூன்று நாள் முன்னால் எல்லாவற்றையும் மூட்டையாகக் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டி, "மேடம், அந்தந்த வருஷத் தேதியப் போட்டுக் குத்திருங்க" என்றார்கள். நான் முடியாது என்று சொல்லவில்லை. முத்திரையில் இருக்கிற தேதிச் சக்கரத்தைப் பின்னால் திருப்பித் திருப்பிக் குத்தினேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வருஷம் பொங்கலுக்கு நீ வந்தபோது, சாப்பிட்டுக்கொண்டே அதைச் சிரிப்புக் கதையாக உனக்கும் அப்பாவுக்கும் சொன்னேன். "மூணு நாள்ல பத்து வருஷத்தத் திருப்பிட்டேன்டா" என்றேன். நீ புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்து, வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாய்.

பழனியம்மாவின் அறிக்கை அந்த மூட்டையில் வந்ததல்ல. உனக்கே தெரியும். அவள் துறைத் தலைவரிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றைத் தானே நூலகத்துக்கு எடுத்து வந்தாள். "ஏனுங்க மேடம், என்ற கண்ணு முன்னால ஒருக்கா குத்துங்க, பாத்துட்டுப் போயிர்றேன்" என்று கவுன்ட்டரில் நின்றாள். அவள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவள் அவள் ஒருத்திதான். குத்தினேன். மை காயும்வரை ஊதிக்கொண்டு நின்றாள். அன்றைக்கே எண் போட்டு, பட்டியலில் ஏற்றி, திறந்த அலமாரியில் வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை நீ வந்தாய்.

ஆய்வறிக்கைகளை நூலகத்திலேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும், வீட்டுக்குத் தருவதில்லை. அது விதி. பேராசிரியர்களுக்கே நான் தந்ததில்லை. என்னை முசுடு என்றுதான் சொல்வார்கள். உனக்கு மட்டும் தந்தேன். இறுதியாண்டு, பிராஜெக்ட், இரண்டே நாள் என்று கெஞ்சினாய். பெற்ற மனம் இளகிவிட்டது. ஆனாலும் இரவல் அட்டையில் கையெழுத்து வாங்காமல் விடவில்லை. அறிக்கையின் எண், தேதி, உன் பெயர், உன் கையெழுத்து. திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்ததற்கும் கையெழுத்து. பிறகு எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறியதும் பழைய அட்டைகளை எடைக்குப் போடச் சொன்னார்கள். உன் கையெழுத்து இருந்த அட்டைகளை மட்டும் பிரித்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். எந்தச் சாட்சியத்துக்காகவும் அல்ல. என் பிள்ளை படித்தது என்று வைத்துக்கொள்ளத்தான். பீரோவில், உன் முதல் சட்டைக்குக் கீழே இத்தனை வருஷம் இருந்தன.

இதைத்தான் போனில் உன்னிடம் சொன்னேன். அட்டை இருக்கிறது, கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். நீ அதிரவில்லை. வருத்தப்படவும் இல்லை. "கிழிச்சுப் போடும்மா" என்றாய், பால் பாக்கெட்டைக் கிழிக்கச் சொல்வதைப் போல. அப்புறம் சொன்னாயே ஒன்று, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "அந்தப் பொண்ணு எங்கயோ மொளகு பறிச்சுட்டு இருக்கும். அதுக்கு இது ஒரு பேப்பர். எனக்கு இது வாழ்க்கைம்மா." உன் பெயரில் இருக்கிற ஒரே காப்புரிமை இது, இது போனால் உன்னோடு வேலை பார்ப்பவர்கள் முகத்தில் எப்படி விழிப்பாய் என்பதெல்லாம் எனக்குப் புரிகிறது. புரிந்துதான் சொல்கிறேன். மிளகு பறிப்பது என்ன கேவலமா? உன் அப்பா எஸ்டேட் ரைட்டராக முப்பது வருஷம் மிளகும் காபியும் பறிக்கிறவர்களுக்குப் பெயர் எழுதித்தான் உன்னைப் படிக்க வைத்தார்.

அவரும் உன் பக்கம்தான், சந்தோஷப்பட்டுக்கொள். "ஏ புள்ள, ஒரு கையெழுத்துதான? போட்டது போட்டாச்சு. இப்பப் போயி மாத்திச் சொன்னா கோர்ட்டுல உன்னைத்தான் புடிப்பாங்க. பையன் பொழப்பும் போச்சு, உன்ற மானமும் போச்சு" என்றார். அதிலிருந்து நாலு நாளாக என்னோடு பேச்சு இல்லை. காபியை மேஜையில் வைத்தால் ஆறின பிறகுதான் எடுக்கிறார். அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. பின்தேதி குத்தியதை நான் வெளியே சொன்னால், இருபத்தெட்டு வருஷ வேலையில் ஊர் அந்த மூன்று நாளைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். கூட வேலை பார்த்தவர்கள் என் வீட்டு வாசலை மிதிக்கமாட்டார்கள். பயமாகத்தான் இருக்கிறது.

இந்தப் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். நெடுந்தூரம் போக வேண்டியிருக்கவில்லை. எட்டாவது படிக்கும்போது கோடை விழா மலர்க் காட்சியில் டேலியாச் செடிக்கு நீ பரிசு வாங்கினாய். அந்தத் தொட்டியை வளர்த்தது எஸ்டேட் தோட்டக்காரர் சடையன். காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் அதைக் கேட்டு வாங்கி வந்தாய். செடிக்கு முன்னால் வைக்கிற பெயர் அட்டையை யார் எழுதியது? நான். நூலக எழுத்தில், அழகாக, 'வளர்த்தவர்' என்று போட்டு உன் பெயரை எழுதினேன். சடையன் வந்து பார்த்துவிட்டு, "சாமி பேருல இருந்தா என்னங்கம்மா, பூவு பூத்தாச் சரிங்க" என்று போய்விட்டார். அந்தச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். அடுத்தவர் வளர்த்ததில் உன் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்று முதன்முதலில் உனக்குக் கற்றுக் கொடுத்தது என் கைதான். போன ஞாயிற்றுக்கிழமை அதைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். அப்பா கேட்டார். கறையான் என்று சொன்னேன். பார், இன்னும் பொய்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் மாரமங்கலம் பஸ்ஸைப் பிடித்தேன். பழனியம்மாவைப் பார்த்து, நான் என்ன கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லிவிட வேண்டும், அதுவரை எனக்குச் சோறு இறங்காது. அவள் வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுகிறேன்: அவள் மிளகு பறிப்பது ஞாயிற்றுக்கிழமைகளில். மற்ற நாளெல்லாம் சேலத்தில் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறாள். என்னைப் பார்த்ததும் சாக்கை உதறிப் போட்டு, "வாங்க மேடம், நொம்ப எளச்சுட்டீங்க" என்றாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே வழக்கைச் சொன்னேன், நாலாவது பத்தியைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் மிளகைக் காலால் துழாவிக்கொண்டே இருந்தாள்.

"தெரியுமுங்க மேடம்" என்றாள். "அந்த எதிர்க் கம்பெனிக்காரங்க எனக்கு ரெண்டு லெட்டர் போட்டாங்க. வந்து சாட்சி சொல்லச் சொன்னாங்க. தம்பி பேரப் பாத்ததும் நான் பதிலே போடலீங்க."

"ஏன்?" என்றேன்.

"உங்க ஊட்டுல சோறு தின்னவளுங்க நானு. எப்படிங்க வந்து நிக்கறது?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள்தான் பேச்சை மாற்றுவதற்காக, படத்தைப் பற்றி உங்கள் தரப்பு என்ன சொல்கிறது என்று கேட்டாள். புள்ளிக்கோடு மேல் அடுக்கு இல்லையாம், மாற்று வழியாம் என்றேன். அவள் சிரித்துவிட்டாள். கோபமாகச் சிரிக்கவில்லை, நிஜமாகவே சிரித்தாள். "யாருங்க, தம்பியா அப்படிச் சொல்லுது? நாலாவது படத்துக்கு மை போட்டதே தம்பிதானுங்களே. எனக்குக் கோடு கோணலாப் போகுமுங்க. உங்க ஊட்டு மேஜை மேல உக்காந்து, மேல இருக்கறதையும் கெட்டியாப் போட்டா கீழ இருக்கறது தெரியாதுக்கா, மேலதைப் புள்ளிக்கோடாப் போட்டுர்றேன்னு சொல்லிச்சு. சரி தம்பின்னேன். நீங்கதான மேடம் அப்ப ரெண்டு பேருக்கும் பொரி உருண்டை கொண்டாந்து வெச்சீங்க."

கொண்டுவந்து வைத்தேன். ஞாபகம் இருக்கிறது. அவள் என் சீப்பையும் உன் சீப்பையும் வாங்கிப் பல்லுக்குள் பல் நுழைத்து, அதன் மேல் அப்பாவின் பேன்சீப்பைக் குறுக்கே வைத்து எனக்கு விளக்கியதுகூட ஞாபகம் இருக்கிறது. நீ எதிரே உட்கார்ந்து ரூலரைப் பிடித்திருந்தாய். அவள் உள்ளே போய்த் தன் பிரதியை எடுத்து வந்து நன்றி சொல்கிற பக்கத்தைக் காட்டினாள். கடைசி வரியில் 'படங்களுக்கு மை தீட்டிக் கொடுத்த நூலகர் வீட்டுத் தம்பிக்கு' என்று இங்கிலீஷில் இருக்கிறது. பெயர் இல்லாததால் இரண்டு தரப்பு வக்கீல்களும் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். அந்தப் புள்ளிக்கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். ஒருத்தி உன் வீட்டுச் சோற்றுக்காக வாயைத் திறக்கவில்லை. இன்னொருவன் நீ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நீ அந்தச் சோற்றையும் என் கையால் போடச் சொல்லியிருக்கிறாய்.

உன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. உன்னை அடித்து வளர்த்ததில்லை. அடித்திருக்கலாமோ என்று இந்த வயதில் தோன்றுகிறது. அன்றைக்கே 'நானும் அவளோடு உட்கார்ந்து வரைந்தேன், இது அவளுடையது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், விண்ணப்பத்தில் அவள் பெயரும் இருந்திருக்கும், உன் பெயரும் இருந்திருக்கும், எந்த எதிர்க் கம்பெனியும் நம் வீட்டு மேஜை வரைக்கும் வந்திருக்காது. உனக்கு அது முழுசாக வேண்டியிருந்தது.

இனி நான் செய்தவை. சேலத்தில் நோட்டரி முன்னால் புதுப் பிரமாணப் பத்திரம் போட்டுவிட்டேன். நானே எழுதி, நானே இரண்டு முறை படித்துக் கையெழுத்துப் போட்டேன். பழைய நாலாவது பத்தி பொய். அதைப் படிக்காமல் கையெழுத்திட்டது என் குற்றம். ஆய்வுக்குழுவுக்காகப் பின்தேதி குத்தியது உண்மை, அதுவும் என் குற்றம். இந்த அறிக்கை அதில் சேராது. இன்ன தேதியில் இன்னாருக்கு இதை விதியை மீறி வீட்டுக்குத் தந்தேன். அட்டையையும் சேர்த்திருக்கிறேன். இரண்டு வக்கீல்களுக்கும் நகல் போய்விட்டது. படத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் பழனியம்மா, அல்லது நீ. அவளிடம் நான், "எங்கூட்டுச் சோத்துக்கு நீ பட்ட கடனெல்லாம் தீந்துபோச்சு, லெட்டருக்குப் பதில் போடு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் பஸ் வருகிறவரை என் பையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றாள். அவள் பதில் போடுவதற்குள் நீ உண்மையை எழுதிப் போட்டுவிட்டால் நல்லது. அந்த அளவுக்காவது உன்னிடம் எதிர்பார்க்க எனக்கு உரிமை இருக்கிறது.

வீட்டுக்கு வராதே என்று சொல்லமாட்டேன். வரும்போது வழியில் நிற்காமல் முதலில் மாரமங்கலம் போ. அவள் வாசலில் நின்று பேசிவிட்டு, பிறகு இங்கே வா. சோறு இருக்கும்.

வேறு யார் படிப்பார்கள் என்று கடைசியில் சொல்வதாக எழுதினேனே. நாளைக் காலை முதல் பஸ்ஸில் இந்தக் கடிதத்தின் நகலோடு கல்லூரிக்குப் போகிறேன். இப்போதைய நூலகரிடம் நேற்றே போனில் பேசிவிட்டேன். நல்ல பெண், என்னிடம் வேலை பழகியவள். "ஏனுங்க மேடம், இதை எங்கீங்க வெக்கறது?" என்று தயங்கினாள். பழனியம்மா அறிக்கைக்குப் பக்கத்திலேயே வை என்றேன். எண் போட்டு, பட்டியலில் ஏற்றி, நாளைய தேதியை என் கண் முன்னால் குத்தச் சொல்லியிருக்கிறேன். மை காயும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வருவேன். அந்த அலமாரிக்கு அன்றைக்கும் பூட்டு கிடையாது, இன்றைக்கும் கிடையாது. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து படிக்கலாம். வீட்டுக்கு எடுத்துப் போக மட்டும் யாருக்கும் தரமாட்டார்கள், நூலகர் பிள்ளையே வந்து நின்று கேட்டாலும்.

அம்மா